இடிக்கும் முன் பார்க்கச் சொன்னவர்: பேட்ரிக் கெடிஸும் தமிழ் ஊர்களும்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு தமிழில் தங்கிவிட்டது. அதே எம்டன் அடுத்த மாதம் மினிக்காய்த் தீவுக்கு மேற்கே 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்ததைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சென்னையில் வைப்பதற்காக அனுப்பப்பட்ட ஒரு நகரமைப்புக் கண்காட்சி முழுவதும் அந்தக் கப்பலில் இருந்தது. ஊர்களின் வரைபடங்கள், பழைய ஓவியங்கள், புகைப்படங்கள் எனப் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தவை. 1910-ல் லண்டனில் பார்வைக்கு வைக்கப்பட்டு, 1913-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பரிசும் பெற்ற தொகுப்பு அது. சேர்த்தவர் ஸ்காட்லாந்து நகரமைப்பாளர் பேட்ரிக் கெடிஸ். அப்போது அவருக்கு வயது அறுபது. அவர் வந்தது வேறு கப்பலில். சரக்கு போய்விட்டதே என்று அவர் ஊர் திரும்பவில்லை. இங்கிலாந்து நண்பர்கள் அவசரமாக ஒரு மாற்றுத் தொகுப்பைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில், ராபர்ட் சிஷோம் கட்டிய சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி திறந்தது.

அவரை அழைத்தவர் அன்றைய சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. அவரும் ஸ்காட்லாந்துக்காரர், அங்கே அமைச்சராக இருந்த நாளிலேயே கெடிஸை அறிந்தவர். காவிரிக் கரையிலும் வைகைக் கரையிலும் கெடிஸ் சுற்றியது இந்த அழைப்பின் பேரில்தான். 'சென்னை மாகாணத்தில் டாக்டர் கெடிஸ் பார்வையிட்ட ஊர்கள்' பற்றிய அறிக்கைகள் 1915-ல் அச்சாயின. 1919-க்குள் அவர் இந்தியாவில் ஐம்பது ஊர்கள் அளவுக்கு அறிக்கை எழுதினார். அந்த வேலைக்குத் தொடக்கம் இங்கே. ஆனாலும் சென்னையின் நகரமைப்பு வரலாற்றில் அவர் பெயர் ஓரமாகவே நிற்கிறது. அவர் இங்கே என்ன பார்த்தார், என்ன சொன்னார், அதில் எதை நாம் எடுத்துக்கொண்டோம், எதை விட்டோம் என்று சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

அந்தக் காலத்தில் இந்தியாவில் பெயர் பெற்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர்கள் என்றால் முதலில் வருபவர்கள் வேறு இருவர். போனெஸ் என்ற சிறு துறைமுக ஊரில் 1866-ல் பிறந்த ஜான் பெக், 1901-ல் பம்பாய் அரசின் ஆலோசகராக வந்தார். பம்பாய்த் தலைமைத் தபால் நிலையம் அவருடையது. பிறகு இந்திய அரசுக்கே ஆலோசகரானார். அவருக்கு உதவியாளராக 1904-ல் வந்து சேர்ந்தவர் ஜார்ஜ் விட்டெட். பெர்த்ஷயரின் பிளேர் அத்தாலில் 1878-ல் பிறந்து, பெர்த்திலும் எடின்பரோவிலும் யார்க்கிலும் தொழில் பழகியவர். பம்பாயின் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்துக்குப் பிஜாப்பூர் கோல் கும்பாஸைப் பார்த்துக் குவிமாடம் வைத்தார். குஜராத்தி பாணியில் இந்தியாவின் நுழைவாயிலை வரைந்தார். அது 1924 டிசம்பர் 4-ல் திறக்கப்பட்டது. அறிவியல் நிறுவனம், பல்லார்ட் எஸ்டேட், பாம்பே ஹவுஸ் என்று அவர் கைபட்டவை இன்றும் அந்த நகரத்தின் முகமாக நிற்கின்றன. பின்னாளில் இந்தியக் கட்டடக் கலைஞர் சங்கமாக வளர்ந்த அமைப்புக்கு 1917-ல் முதல் தலைவர். 1926-ல் வயிற்றுக்கடுப்பால் பம்பாயிலேயே இறந்து சிவ்ரி கல்லறையில் அடக்கமானார். வயது நாற்பத்தேழு.

இவர்கள் கல்லில் எழுதிவிட்டுப் போனார்கள். கெடிஸுக்கு அப்படிக் காட்ட இங்கே ஒரு சுவர்கூட இல்லை. முறையாகக் கட்டடக் கலை படித்தவரும் அல்லர். 1854-ல் பாலட்டரில் பிறந்து பெர்த்தில் வளர்ந்து, லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பட்டம் ஏதும் வாங்கவில்லை. 1879-ல் மெக்சிகோவுக்கு ஆய்வுக்குப் போன இடத்தில் நோய் வந்து சில காலம் கண் தெரியாமல் போயிற்று. நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்க்கும் வேலை அதோடு கனவாயிற்று. 1888 முதல் டன்டீயில் தாவரவியல் பேராசிரியர். கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்ற ஏற்பாடு. ஆண்டின் மீதி நாளெல்லாம் ஊர் சுற்ற அவருக்கு அது வசதியாக இருந்தது.

எடின்பரோவின் பழைய நகரம் அப்போது இடிந்த மாடி வீடுகளும் ஏழைக் கூட்டமுமாகக் கிடந்தது. திருமணமான புதிதில், 1886-ஐ ஒட்டி, கெடிஸும் மனைவி அன்னாவும் அங்கேயே ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேறினார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், அண்டைவீட்டாரைச் சேர்த்துக்கொண்டு முற்றங்களைச் சுத்தம் செய்தார்கள், இடிந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் செப்பனிட்டார்கள், காலி மனையில் தோட்டம் போட்டார்கள். அரசாங்கங்களுக்கு அவர் பிற்பாடு சொன்ன யோசனை எல்லாம் இந்தச் சந்துகளில் கையால் செய்து பார்த்தவை. படித்துவிட்டுச் சொல்கிறவருக்கும் குடியிருந்துவிட்டுச் சொல்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் அவர் அறிக்கைகளில் வரிக்கு வரி தெரிகிறது.

அவர் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்த ஊரையும் திருத்தும் முன் அந்த ஊரை ஆய வேண்டும்: மண், தண்ணீர், தொழில், பழைய வரலாறு, யார் எங்கே வாழ்கிறார், எந்த வழியில் நடக்கிறார் என்று எல்லாவற்றையும். இடம், தொழில், மக்கள் என்ற மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை என்பது அவர் அடிப்படை. ஆய்ந்த பிறகு, எவ்வளவு குறைவாக இடித்தால் ஊர் பிழைக்குமோ அவ்வளவு மட்டும் இடிக்க வேண்டும். நெரிசலான சந்தில் விழும் நிலையில் உள்ள இரண்டு வீடுகளை எடுத்துவிட்டு அந்த வெளியில் ஒரு மரம் நட்டால் காற்றும் வெளிச்சமும் வரும், கிணற்றடி அகலமாகும், மற்ற முப்பது வீடுகள் இருந்த இடத்தில் இருக்கும். இதற்கு மருத்துவத்திலிருந்து பேர் எடுத்து, காக்கும் அறுவைச் சிகிச்சை என்றார்.

அன்றைய முனிசிபாலிட்டிகளின் வழக்கம் இதற்கு நேர் எதிர். பிளேக் பயம் ஊரெங்கும் இருந்த காலம். நெரிசல் என்றால் நேராக ஒரு கோடு கிழித்து, கோட்டில் பட்ட வீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு அகலத் தெரு போடுவதே சுகாதாரம் என்று என்ஜினீயர்கள் நம்பினார்கள். வீடிழந்தவர்கள் பக்கத்துச் சந்தில் போய் ஒண்டுவார்கள். அங்கே நெரிசல் இரட்டிப்பாகும். அடுத்த கோடு அங்கே விழும். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு இப்படி ஒரு நேர்த்தெருத் திட்டம் இருந்தது. கெடிஸ் அந்தச் சந்துகளில் நடந்து, எந்த வீடு திடமாக நிற்கிறது, எது பாழ், எந்த மனை காலி என்று பார்த்து, சந்துகளை அப்படியே வைத்துக்கொண்டு இடையிடையே சிறு வெளிகளைத் திறந்துவிடும் மாற்று வரைபடம் கொடுத்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஊரின் படம் என்று நம்புவது சிரமம். 1947-ல் ஜாக்குலின் டிர்விட் தொகுத்த 'இந்தியாவில் பேட்ரிக் கெடிஸ்' என்ற நூல் வழியாக உலகம் முழுக்க நகரமைப்பு மாணவர்கள் இந்தத் தஞ்சாவூர்ப் பாடத்தைப் படித்தார்கள். அதைத் தஞ்சாவூரில் படித்தவர்கள் எத்தனை பேர் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

குளம் விஷயம் இன்னும் முக்கியம். மலேரியாவுக்குக் கொசு காரணம், கொசுவுக்குக் குளம் காரணம், ஆகவே குளத்தைத் தூர்த்துவிடு என்பது அன்றைய சுகாதார அதிகாரிகளின் கணக்கு. கெடிஸ் உயிரியல் படித்தவர் அல்லவா? குளத்தில் மீனும் வாத்தும் இருந்தால் கொசுப்புழு மிஞ்சாது என்று எழுதினார். குளம் ஊருக்குக் குளிர்ச்சி தருகிறது, பெருமழையில் உபரி நீரை வாங்கிக்கொள்கிறது, கிணறுகளுக்கு ஊற்று கொடுக்கிறது. தூர்த்துப் பெறும் மனையின் விலை இந்த இழப்பை ஈடுகட்டாது என்பது அவர் வாதம். நூறு வருஷத்துக்கு முன் எழுதியதை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் சென்னை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

கோயில் நகரங்கள் அவரை உலுக்கிவிட்டன. காஞ்சிபுரத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுதியது வெறும் கோபுர வியப்பு அல்ல. விசாலமும் கம்பீரமும் கொண்ட ஒரு முழு நகரத் திட்டம் அங்கே இருப்பதையும், அதற்குள் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கலைஞரும் தம் விருப்பப்படி வேலை செய்ய இடம் இருந்ததையும் கண்டு மகிழ்ந்தார். ஐரோப்பியர் பலர் நம் ஊர்களைத் திட்டமில்லாமல் வளர்ந்த நெரிசல் என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய மாற்றம். மதுரையை நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாகத் தெருக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திருவிழா, ஒரு மாதம். தேர் திரும்பும் அளவுக்கு முனை அகலமாக இருக்க வேண்டும் என்பதே தெருவுக்கு விதி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து வெளி வீதிகளைப் போட்டபோதுகூட, பழைய சதுரத்துக்கு வெளியே இன்னொரு சதுரமாகத்தான் அது அமைந்தது. அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி பெயர்கள் மதுரைத் தெருக்களில் இன்றும் இருக்கின்றன. 'கோயில் நகரங்கள்' என்ற தலைப்பில் 1919-ல் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் கெடிஸ் எழுதிய கட்டுரை இந்தப் பார்வையின் விரிவு.

அவர் வருகையால் விளைந்த நல்ல விஷயங்களில் ஒன்றை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. சி. பி. வேங்கடராம ஐயர் எழுதிய 'பண்டைத் தக்காணத்தில் நகரமைப்பு' என்ற ஆங்கில நூல் 1916-ல் சென்னையில் வெளிவந்தது. கெடிஸ் முன்னுரை எழுதினார். புகாரும் மதுரையும் எப்படி அமைந்திருந்தன என்பதைத் தமிழ் இலக்கியத்திலிருந்தும் சிற்ப நூல்களிலிருந்தும் திரட்டிக் காட்டிய நூல் அது. தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ் எழுதி 1834-ல் லண்டனில் வெளிவந்த கட்டடக் கலை நூலுக்குப் பிறகு, நம் மரபை நம்மவரே தொழில் நோக்கில் படித்த முயற்சியாக இதை வைக்கலாம். வெளியிலிருந்து வந்த ஒருவர் தாமே எல்லாம் சொல்லிவிடாமல் உள்ளூர் அறிஞர் ஒருவரைப் பேச விட்டது எனக்குப் பிடித்த செயல்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஊர்களில் அவர் தங்கியது கொஞ்ச காலம். ஆழ்ந்து ஆய வேண்டும் என்று போதித்தவரின் அறிக்கைகள் பல, அவசரமாக நடந்து பார்த்து எழுதியவை. அவர் புகழ்ந்த கோயில் நகரத்தின் அமைப்பு, யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைச் சாதியால் தீர்மானித்த அமைப்பு. தேர் வராத தெருக்களும், ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட சேரிகளும் அதே திட்டத்தின் பகுதிகள். அழகான சதுரங்களைப் பார்க்கிற கண் அந்தச் சதுரத்துக்கு வெளியே நிற்கிறவரையும் பார்த்தாக வேண்டும். தமிழ் வாசகர் கெடிஸைப் படிக்கும்போது இதை அவரே சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. மேலும், அவரை அமர்த்தியது காலனி அரசு. பொதுப்பணித் துறை என்ஜினீயர்களை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அவர்களிடமே செயலாக்கம் இருந்தது. அறிக்கை ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று ஆனதற்கு இதுவும் காரணம்.

சென்னையில் அடுத்து வந்தவர் ஹெச். வி. லான்செஸ்டர், ஆங்கிலக் கட்டடக் கலைஞர், கெடிஸின் நண்பர். மூழ்கிய கண்காட்சிக்கு மாற்றுத் திரட்ட முன்னின்றவர். அவருடைய 'சென்னையில் நகரமைப்பு' 1918-ல் வந்தது. 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. மனைகளை ஒன்றாக்கிப் பிரித்துத் தெரு விடும் அதிகாரம் நகராட்சிகளுக்குக் கிடைத்தது. ஐம்பதாண்டு கழித்து 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தமிழகத்து ஊர்களை வளர்த்தது இந்தச் சட்டம்தான். மனையும் தெருவும் சட்டத்துக்குள் வந்தன. கெடிஸ் முதல் படியாக வைத்த ஆய்வு அந்த அளவுக்கு வேரூன்றவில்லை.

இதன் பலனைத் தி.நகரில் காணலாம். நுங்கம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம்வரை வளைந்து கிடந்த நெடிய ஏரியின் மாம்பலம் பகுதியை 1920-களில் தூர்த்துக் குடியிருப்பு போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் பெயர் அதற்கு. நடுவில் பனகல் பார்க், அதிலிருந்து பிரியும் சாலைகள், மரம் வைத்த தெருக்கள், வீட்டுக்கு முன்னும் பின்னும் இடம். வரைபடமாகப் பார்த்தால் நல்ல வேலை. இரண்டு தலைமுறைகள் அங்கே நன்றாக வாழ்ந்தன. ஆனால் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியைக் கேட்காமல் போட்ட திட்டம். பெருமழை வந்தால் தண்ணீர் தன் பழைய ஏரியைத் தேடி அதே தெருக்களுக்கு வருகிறது. ஏரியின் நுங்கம்பாக்கப் பகுதியும் பிறகு போய், அங்கே 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. தூர்க்காதே என்ற குரல் இதே நகரத்தில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஒலித்தது என்பதை நினைக்க வருத்தமாக இருக்கிறது.

கெடிஸ் இந்தியாவில் பட்ட துயரம் கொஞ்சமல்ல. 1917 ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டர் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். கல்கத்தாவில் அன்னா கடும் காய்ச்சலில் கிடந்த நேரம் அது. செய்தியை மனைவியிடம் அவர் சொல்லவில்லை. ஜூனில் அன்னாவும் போய்விட்டார். இதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. இந்தூரில் பிளேக் பரவியபோது, தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் ஒன்று நடத்தினார். எந்தத் தெருக்காரர்கள் வீட்டையும் வாசலையும் நன்றாகச் சுத்தம் செய்கிறார்களோ அந்த வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று முன்கூட்டியே அறிவிப்பு. ஊரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கியது. பிளேக்கைக் குறிக்கும் எலியின் உருவமும் அசுரன் உருவமும் ஊர்வலத்தில் வந்து கடைசியில் எரிந்தன. தேர் வரும் தெருவைக் கோலமிட்டு வைக்கும் வழக்கத்தைத் தெற்கே பார்த்தவருக்கு இந்த யோசனை தோன்றியதில் ஆச்சரியமில்லை. இந்தூர் அறிக்கை 1918-ல் இரண்டு தொகுதிகளாக வந்தது. 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் முதல் பேராசிரியரானார்; சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே அவரிடம் பயின்றவர். 1921-ல் கொழும்புக்கு ஒரு திட்ட அறிக்கை, 1925-ல் டெல் அவிவுக்கு ஒரு நகர வரைபடம். தாகூருக்கும் ஜகதீச சந்திர போஸுக்கும் நெருங்கியவர். போஸின் வாழ்க்கையை நூலாக எழுதினார். 1932-ல் சர் பட்டம் வாங்கி, அதே ஆண்டு ஏப்ரலில் பிரான்சின் மோன்பெலியேயில் காலமானார்.

நான் வசிக்கும் கொட்டிவாக்கத்தில் அவர் கேட்ட கேள்விகளுக்கு இன்றும் வேலை இருக்கிறது. 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கும் மேற்கே பெரும்பாக்கம், பெருங்குடி நீரையெல்லாம் வாங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு, 2022-ல் ராம்சார் தலமானது. சதுப்பில் நிறையும் நீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் இறங்கி, தெற்கே போய் முட்டுக்காட்டில் கடலைச் சேர்கிறது. மடுவு குறுகினாலும் கால்வாய் அடைத்தாலும் நடுவில் இருக்கும் ஊர்களில் தண்ணீர் நிற்கும். எந்தத் தெருவின் அகலத்தைத் தீர்மானிக்கும் முன்பும் வரைய வேண்டிய படம் இந்த நீரோட்டம்.

இங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரிலிருந்து கடலுக்குப் போகும் தெருக்கள் அளந்து போட்ட நேர்கோடுகள். இருபுறமும் மதில், கேட், கார். அவை மணலைத் தொடும் இடத்தில் குப்பம் தொடங்குகிறது, கோடும் முடிகிறது. வீடுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. நடுவில் விட்டிருக்கும் வெளியில் ஒரு பக்கம் வலை பரத்திக் கிழிசல் பார்க்கிறார்கள், இன்னொரு பக்கம் கருவாடு காய்கிறது, ஃபைபர் படகின் என்ஜினைத் தோளில் தூக்கி வர வழி இருக்கிறது. விடிகாலை படகு கரையேறியதும் மீனை ஏலம் விடும் இடம் எது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அம்மன் கோயில் முன்னால் உள்ள திடல் பஞ்சாயத்து கூடவும் திருவிழாவுக்கும். வெளியாருக்குக் காலி இடமாகத் தெரியும் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு வேலையும் ஒரு நேரமும் இருக்கிறது. சர்வே வரைபடத்தில் இதில் பாதி ஏறுவதில்லை. கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி தயாரான வரைபடங்களில் தங்கள் பொது இடங்கள் விடுபட்டதாக மீனவர்கள் பல முறை முறையிட்டிருக்கிறார்கள். சென்னைக் கரையோரத்தில் சில குப்பங்களில் இளைஞர்களே ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து, படகுத் துறை, வலை காயும் இடம், ஏல மேடை, எதிர்கால வீடுகளுக்கான இடம் என்று குறித்துத் தங்கள் வரைபடத்தைத் தாங்களே தயாரித்தார்கள். 1915-ல் கெடிஸ் கேட்ட ஆய்வுக்கு இதைவிட நெருக்கமான ஒன்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

திருவான்மியூரிலிருந்து அக்கரைவரை ஈ.சி.ஆரை ஆறு வழிச் சாலையாக அகலப்படுத்தும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டமும் தயாராகி வருகிறது. பொதுமக்கள் கருத்துக் கேட்பும் அதன் ஒரு பகுதி. அந்தக் கூட்டங்களில் வைக்கும் படங்களில் நிலப் பயன்பாட்டு வண்ணங்களோடு ஒக்கியம் மடுவின் அகலமும், குப்பத்து இளைஞர்கள் குறித்த வலை காயும் இடங்களும் ஏற வேண்டும். அவற்றைக் கோடு கிழிப்பதற்கு முன்பே ஏற்ற வேண்டும்.